ஃபில்டர் நிரபராதி

"என் வண்டியக் கொல்லப் பாக்கறான் மேடம்," என்றார் ஜமீர் அகமது.

எங்கள் தொழிலில் மனைவியைச் சந்தேகிக்கும் கணவன் வருவான், பங்காளியைச் சந்தேகிக்கும் பங்காளி வருவான். காரின் உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் எங்களைக் கிருஷ்ணகிரி வரை வரவழைத்தது அதுதான் முதல் தடவை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ராஜலட்சுமி அக்காவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. சிரிப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ள மாட்டார்.

அக்கா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் பல வருஷம் இருந்தவர். அங்கே ஒரு பொருள் கெட்டுப்போனால் ஏன், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் வேரைப் பிடித்துவிடுவார்கள். வேலையை விட்ட பிறகும் அக்கா அந்தக் கேள்வியை விடவில்லை. அதற்கு ஒரு போர்டு மாட்டி, துப்பறியும் நிலையம் என்று பெயர் வைத்துவிட்டார். நான் ஜீஷான். நிலையத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். நல்ல பேர் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

மாம்பழ சீசன். ஜமீர் பாயின் மாங்கூழ் கம்பெனி முழுக்கத் தித்திப்பு வாசனையும் ஈயும். பாய் பேசும்போது கை சும்மா இருப்பதில்லை. மேஜையில் கிடந்த தகர மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். அப்படியே என் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிட்டார். உறிஞ்சிக் குடிக்கிற பாட்டில். என் மனைவி ஹீனா ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

"இன்னா தம்பி, மூடியில ஓட்டை?"

"அது கடையிலயே அப்பிடித்தான் பாய் வருது."

"கடைக்காரனுக்கு இன்னா, விக்கறதோட சரி. ஈ போவாட்டியும் எறும்பு போவும்." டிராயரைத் திறந்து, ஒழுகுகிற குழாய்க்கு வைத்து அடைப்பார்களே, அந்த வெள்ளை மாவைக் கிள்ளிப் பிசைந்து, ஓட்டையை அடைத்து, கட்டைவிரலால் வழித்துச் சமப்படுத்தினார். இவ்வளவு உரிமையோடு என் பாட்டிலை என் மாமனார்கூடத் தொட்டதில்லை.

"விசயத்துக்கு வாங்க," என்றார் அக்கா.

விஷயம் வாசலில் நின்றது. கடல் பச்சை நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வயது ஐம்பதுக்கு மேல். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட், மட்கார்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முன்பக்கம் மொத்தமும் மேலே வருகிற வண்டி. போன வருஷம் ஒரு வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்ததை வாங்கி, மெக்கானிக் மாரிமுத்துவிடம் கொடுத்து உயிர் கொடுத்திருந்தார் ஜமீர் பாய்.

"நடுரோட்ல நின்னுபோவுது மேடம். மாரிக்குப் போன் போடுவேன். வருவான், பெட்ரோல் ஃபில்டர மாத்துவான், ஓடும். அடுத்த வாட்டி எடுத்தா மறுபடி நிக்கும்."

"ஏன்?"

"புதுசுன்னு சொல்லிட்டுப் பழசக் கழுவி மாட்றான்."

"ஏன்?"

"அப்பத்தானே திரும்பத் திரும்ப அவனையே கூப்புடுவேன்."

"அவரு ஓட்டும்போது நிக்கிதா?"

ஜமீர் பாய் மேஜையைத் தட்டினார். "அதான் மேடம் விசயமே. அவன் ட்ரையல் பாக்கறப்ப ஒரு வாட்டிகூட நின்னதில்ல. நான் உக்காந்தா மட்டும் நிக்கிது. வண்டிக்கு இன்னா என் மூஞ்சி புடிக்கலையா? சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் குடுங்க, ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். அவனும் உங்க ஊர்ப் பக்கம்தான். அதுக்காக இரக்கம் காட்டிடாதீங்க."

"வேற யார்கிட்டயாவது சொன்னீகளா?"

"மாங்கா மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாலு பேர் ஏமாறக் கூடாதில்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, எழுந்திரு, இந்த ஆள் மெக்கானிக் பேரைக் கெடுக்கிற வேலையைப் பாதி முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

மாரிமுத்துவின் ஷெட் ராயக்கோட்டை ரோட்டில் இருந்தது. சீசன் நேரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வண்டிகள் வாசலைத் தாண்டி நிற்க வேண்டும். அங்கே ஒரு வண்டியும் இல்லை. மாரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து சுத்தமான ஸ்பானரை இன்னும் சுத்தமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மண்டி கங்கப்பன் வேன எடுத்துட்டுப் போயிட்டாருக்கா. விஜயகுமாரு ஸ்கூல் வேனும் போச்சு," என்றார். "அது போனாப் போகுது. எம் மக பூங்கொடிகிட்ட, 'உங்கப்பாதான் ஃபில்டர் திருடனா'ன்னு பள்ளிக்கூடத்துல கேட்டுருக்காக. வந்து என்கிட்ட ஒண்ணும் கேக்கல. சாப்புடாம படுத்துக்கிட்டா."

எனக்கு வாயில் தயாராக இருந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன். மனசு கஷ்டமாகிவிட்டது.

"கழட்டுன ஃபில்டர் எங்க?" என்றார் அக்கா.

ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். உள்ளே இருக்கிற காகித மடிப்பு வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர்கள். அக்கா ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். என் சட்டைக் காலரை விடச் சுத்தமாக இருந்தன.

"அழுக்கே இல்லாத ஃபில்டர ஏன் மாத்துனீக?"

"நின்ன வண்டி மாத்துனா ஓடுதுக்கா. ஓடுனா சந்தோசமாத்தானே இருக்கும்?"

"வந்ததும் மொதல்ல என்ன செய்வீக?"

"பின்னாடி போயி டேங்க்கு மூடியத் தொறந்து குச்சி விட்டுப் பாப்பேன். அந்த வண்டில பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு வேல செய்யாது. பெட்ரோல் இல்லாம நிக்கிதா, இருந்தும் நிக்கிதான்னு தெரியணும்ல. அப்புறம்தான் ஃபில்டரு."

"ட்ரையலுக்குப் பெட்ரோல்?"

"மிச்சம் மீதி அடியில கெடக்கும்க்கா, அதுலயே ஒரு சுத்து. பாய் ஏறுனாத்தான் ஃபுல் டேங்க். வழிய வழிய ஊத்தலன்னா அவருக்கு வண்டில உக்காந்த மாதிரியே இருக்காது."

வெளியே வந்ததும் நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஃபில்டர் இவ்ளோ சுத்தமா இருந்தா, அது கழுவுனதுன்னும் சொல்லலாமே."

"சொல்லலாம். அதனாலதான் உன்னய வாயத் தொறக்காம வரச் சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"இப்ப."

அரை மணி கழித்து ஹெரால்டில் ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஜமீர் பாய் ஸ்டீயரிங்கில், அக்கா பக்கத்தில், நான் பின் சீட்டில் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து. பங்க்கில் பாய், ஃபுல் என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு, பெட்ரோல் கழுத்து வரை வந்த பிறகும் வண்டியைக் குலுக்கி இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். மாரிமுத்து பைக்கில் பின்னால் வந்தார். சட்டைப் பையில் கவர் பிரிக்காத இரண்டு புது ஃபில்டர்கள். அவற்றை அக்காவே வாங்கிக் கவரின் மேல் கையெழுத்துப் போட்டிருந்தார், கழுவின பேச்சே வரக் கூடாது என்று.

குருபரப்பள்ளி தாண்டவில்லை. வண்டி இருமியது. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், அப்புறம் அமைதி. பாய் ஓரம் கட்டிவிட்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் தன் பையன் அழகைக் காட்டுகிறவர் மாதிரித் திரும்பினார். "பாத்தீங்களா?"

ஒரு கர்நாடகா லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "ஏனாய்து சார்?" என்று கேட்டார். பாய் கன்னடத்திலேயே மாரிமுத்துவின் கதையை ஆரம்பிக்க, அக்கா கையைக் காட்டி லாரியை அனுப்பிவைத்தார். மாநிலம் தாண்டியாவது அந்த மனுஷனுக்கு நல்ல பேர் மிஞ்சட்டும்.

மாரிமுத்து வந்தார். நேரே பின்னால் போய் மூடியைத் திறந்து குச்சி விட்டார். நுனி முதல் மேல் வரை ஈரம். மூடிவிட்டு முன்னால் வந்து பானெட்டைத் தூக்கினார். பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயை இடுக்கியால் கவ்வி, கிளிப்பைத் தளர்த்தி, பழைய ஃபில்டரை உருவினார். அதற்குள் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. கையெழுத்துப் போட்ட கவரைப் பிரித்து, அம்புக்குறி பம்ப்பைப் பார்க்கிற மாதிரிப் புதுசைப் பொருத்தி, கிளிப்பை முறுக்கினார். விரலில் வழிந்ததைத் துணியில் துடைத்தபடி, "அடிங்க பாய்," என்றார். நாலு சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது.

"இப்ப இன்னா சொல்றீங்க மேடம்? நோயும் அவன், டாக்டரும் அவன்."

"ஓட்டுங்க," என்றார் அக்கா.

சூளகிரி மலை கண்ணில் படுகிறபோது வண்டி மறுபடியும் இருமிச் செத்தது. இந்தத் தடவை மாட்டியிருந்தது அக்கா வாங்கிய ஃபில்டர். இருந்தும் பாய் அசரவில்லை. "மாட்டறப்ப இன்னா செஞ்சானோ, யாரு கண்டா? கண் கட்டு வித்தை மேடம். அவன் கை பட்டா ஓடும், அவன் கை பட்டாத்தான் ஓடும். இதுக்கு மேல ஆதாரம் வேணுமா? வாங்க, ஸ்டேசனுக்குப் போலாம்."

மாரிமுத்து பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெயில் வேறு. தொண்டை காய்ந்து பாட்டிலை எடுத்து உறிஞ்சினேன். ஒரு வாய் வந்தது. அடுத்த வாய் வரவில்லை. கன்னம் குழிய இழுத்தேன், வரவில்லை. மூடியைத் திருகித் திறந்து மூடி உறிஞ்சினேன், வந்தது. மறுபடி நின்றது.

"அக்கா, இந்தப் பாட்டிலுக்கும் ஒரு ஃபில்டர் மாத்தச் சொல்லுங்க. ஒரு வாய் குடுத்துட்டு ஸ்ட்ரைக் பண்ணுது. மூடியத் தொறந்து மூடுனா மட்டும் வேலைக்கு வருது."

அக்கா திரும்பினார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார், இன்னொரு வாய் உறிஞ்சினார். ஆறு வருஷமாக அவரோடு இருக்கிறேன், அந்த உதட்டோரம் அன்றைக்குத்தான் லேசாக அசைந்தது.

"மாரிமுத்து, இறங்கி வாங்க. பின்னால போகாதீக. மூடியத் தொடாம ஃபில்டர மட்டும் மாத்துங்க."

மாரிமுத்து தயங்கினார். பழகிப்போன வரிசையை மாற்றச் சொன்னால் எந்தக் கைக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஆனாலும் மாற்றினார். இரண்டாவது கவர், இரண்டாவது புது ஃபில்டர், அதே அம்புக்குறி. பாய் சாவியைத் திருகினார். வண்டி கத்தியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பிடிக்கவில்லை.

"புது ஃபில்டர். அதே கை. ஏன் ஓடல?" என்று கேட்டார் அக்கா. "ஜீஷான், பின்னால வா. காதக் கிட்ட வச்சுக் கேளு."

நான் குனிந்தேன். அக்கா டேங்க் மூடியைத் திருகினார். லாரிச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. உஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது.

"இப்ப அடிங்க."

ஐந்தாறு சுற்று. வண்டி பிடித்துக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி உறுமியது.

"ஃபில்டர் நிரபராதி," என்றார் அக்கா. "பெட்ரோல் வெளிய போனா அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். அதுக்குன்னு பழைய வண்டி மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைஞ்சுட்டா டேங்க்கு பெட்ரோல விடாம உள்ளயே இழுத்துப் புடிச்சுக்கும். ஃபுல் டேங்க்குல காத்துக்கு எடமே இல்ல, சீக்கிரம் நிக்கும். கொஞ்சமா இருந்தா நெறைய தூரம் ஓடும். அதான் பாய் ஏறுனா நிக்கிது, மாரிமுத்து ஏறுனா ஓடுது. இவரு குச்சி விட மூடியத் தொறந்ததுலதான் வண்டி ஒவ்வொரு தடவையும் பொழச்சது. பேரு ஃபில்டருக்குப் போச்சு."

மாரிமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். அக்கா மூடியைத் திருப்பிப் பிடித்தார். உள்பக்கம், ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

ஜமீர் பாய் குதித்து இறங்கினார். "நான் சொல்லல? ஓட்டைய அடச்சி வெச்சிக்கிறான் மேடம். ஒவ்வொரு வாட்டியும் மூடியத் தொடறவன் யாரு? இவன்தானே?"

மாரிமுத்துவைக் காப்பாற்றப் போய் மாட்டிவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது. மாரிமுத்து, "எம் மக மேல சத்தியமா," என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

அக்கா பாய் பக்கம் திரும்பினார். பேச்சு மாறியது, சம்பந்தி வீட்டில் நலம் விசாரிக்கிற குரல். "பழைய வண்டில உள்ள உக்காந்தா பெட்ரோல் வாசனை வருமே பாய். இந்த வண்டில வரலையே, எப்பிடி?"

"ஆரம்பத்துல வந்திச்சி. என் வீட்டுக்காரி ரோஷன் பீ, குமட்டுது, நான் ஏறவே மாட்டேன்னுட்டா. இப்ப சுத்தமா இல்ல."

"ஏன் இல்ல?"

"நான் சரி பண்ணிட்டேன்."

"எப்பிடி சரி பண்ணுனீக?"

"அது ஒண்ணுமில்ல மேடம், மூடியில ஒரு..."

பாய் நிறுத்தினார். அக்கா கையில் இருந்த மூடியைப் பார்த்தார். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வெள்ளை, ஒரே கட்டைவிரல் வழித்த அழகு. முகத்தில் ஈயாடவில்லை. இத்தனைக்கும் கம்பெனியிலிருந்து இரண்டு ஈ எங்களோடுதான் வந்திருந்தன.

"கூழ் லைன்ல ஓட்டை இருந்தா மொத்த லாட்டும் கெட்டுப்போயிடும் மேடம்," என்றார் மெதுவாக. "ஓட்டையப் பாத்தா கை நிக்காது. அடச்சதே மறந்துபோச்சி. தினம் எத்தனையோ அடைக்கிறேன்."

மாரிமுத்து மூடியை வாங்கினார். சின்ன ஸ்க்ரூடிரைவரால் வெள்ளை மாவைச் சுரண்டி எடுத்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் பார்த்து, டேங்கில் திருகினார். "இனிமே நிக்காது பாய்," என்றார். குரலில் கோபம் இல்லை, அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

"மன்னிச்சிடு மாரி. இரு, இப்பவே சொல்லிடறேன்." ஜமீர் பாய் போனை எடுத்து மண்டியில் கங்கப்பனைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "கங்கப்பா, மாரி மேல தப்பே இல்லப்பா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அய்யோ பாய், உங்க மனசு யாருக்கு வரும்? கையும் களவுமா புடிச்சிட்டு விட்டுட்டீங்களா? குடும்பஸ்தன்னு பாவம் பாத்தீங்களா?"

"இல்லப்பா, நெசமாவே அவன் ஒண்ணும் செய்யல."

"சரி சரி, புரியுது பாய். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." போன் கட்டாகிவிட்டது.

ஜமீர் பாய் கட்டான போனைப் பார்த்தார். ஒரு பேரைக் கெடுப்பது எவ்வளவு சுலபம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல. பிறகு சாவியை மாரிமுத்துவிடம் நீட்டினார். "மண்டிக்கு ஓட்டு. ஒண்ணாப் போயி நிப்போம்."

"நான் ஓட்டிட்டு வந்தா, உங்கள மெரட்டிக் கூட்டியாந்த மாதிரி இருக்கும் பாய். நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் தனியா வர்றேன்."

அந்தத் தூரம் முழுக்க ஹெரால்ட் ஒரு தடவையும் நிற்கவில்லை. மண்டியில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, ஜமீர் பாய் டேங்க் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கடை கடையாக ஏறினார். "இந்த ஓட்டைய அடச்சது நான். வண்டிய நிறுத்துனது நான். திருடன்னு மாரியச் சொன்னதும் நான்," என்று ஒவ்வொரு கடையிலும் முதலிலிருந்து சொன்னார். முதல் கடையில் நம்பவில்லை, இரண்டாவது கடையில் சிரித்தார்கள், அப்புறம் கடைக்குக் கடை சிரிப்பு அவருக்கு முன்னால் ஓடியது. மாங்கூழ்ச் சங்கத்தில் வாயைத் திறக்க எல்லோரும் பயப்படுகிற மனிதர், வியர்த்து வழிந்து நின்று சிரிப்பு வாங்கினார். அந்த மனுஷன் மேல் அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வந்தது.

மாரிமுத்து பைக்கில் சாய்ந்து தூரத்தில் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கங்கப்பன் மெதுவாக அவர் பக்கத்தில் போனார், தரையைப் பார்த்தபடி.

"மாரி, வேன்ல பிரேக்கு சத்தம் போடுது. எப்பக் கொண்டாரட்டும்?"

"எப்ப வேணாலும் கொண்டாங்க," என்றார் மாரிமுத்து. "வேன எடுத்துட்டுப் போனப்ப எதுக்கு எடுத்தீகன்னு எத்தன பேர்கிட்ட சொன்னீகளோ, அத்தன பேர்கிட்டயும் உண்மையச் சொல்லிட்டுக் கொண்டாங்க."

கங்கப்பன் வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து, ஓரமாகப் போய், முதல் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.